தன் குரலைத் தான் கேட்டல்

1

தென் லண்டனில் டென்மார்க் ஹில் என்னும் மேட்டுப் பகுதியில் மாட்ஸ்லி என்ற பெயருடைய மனநல ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. குடிப்பழக்கத்தைப் பற்றி உலகத்து வைத்தியர்கள் எழுதிக் குவித்திருக்கும் எத்தனையோ கிரந்தங்களைக் காட்டிலும், அந்த ஆஸ்பத்திரிக்குப் புறநோயாளிகளாக வந்து போன நூறு மனிதர்களின் கதை இந்த அத்தியாயத்தின் விஷயத்துக்கு அதிக வெளிச்சம் தருவதாகையால், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மனநல மருத்துவரும், ஜிம் ஆர்ஃபோர்ட் என்ற மனோதத்துவ நிபுணரும், அவர்களுடைய சகாக்களும் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின் கதை அது. நூறு பேரும் விவாகமான ஆண்கள். குடியினால் இடர்ப்பட்டுப் பரிகாரம் தேடி வந்தவர்கள். கணவனிடமும் மனைவியிடமும் சுமார் மூன்று மணி நேரம் அவர்களுடைய சரித்திரத்தை விசாரித்து அறிந்த பிறகு, சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல அவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். முதற்பிரிவினருக்கு ஓராண்டு முழுவதும் அக்காலத்துச் சிகிச்சை சகலமும் கிடைத்தது: மருத்துவரைத் தவறாமல் சந்திக்கும் ஏற்பாடு, குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமற்போகும்படி செய்யும் மாத்திரை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்துக்கு அறிமுகம், மனைவிக்குத் தனியே ஒரு சமூகப் பணியாளரின் துணை, அவசியமானால் ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் தங்கிக்கொள்ள இடம். மற்றப் பிரிவினருக்கோ ஒரே ஒரு சந்திப்புத்தான். அதில் தம்பதிகளை ஒருங்கே உட்கார வைத்து, அவர்களுடைய நிலைமை இன்னதென்று எடுத்துச் சொல்லி, இனி என்ன செய்வதென்ற பொறுப்பு அவர்கள் கையிலேயே இருக்கிறதென்றும், மாதம் ஒருமுறை ஒருவர் மனைவியை அணுகி நிலைமையை விசாரித்துக்கொள்வார் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, இரண்டு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தென்படவில்லை!

இதைக் கேட்டவர்களில் சிலர், சிகிச்சை என்பதே வீண் செலவு என்று அவசரமாகத் தீர்ப்பெழுதினார்கள். வேறு சிலர், ஆராய்ச்சியில்தான் ஏதோ கோளாறு என்று சினந்தார்கள். ஆனால் அதே மனிதர்களை இரண்டாண்டுக்குப் பிறகு மீண்டும் ஆராய்ந்தபோது ஒரு நுட்பம் புலப்பட்டது. குடிக்கு வெகுவாக ஆட்பட்டு, உடம்பே அதைக் கேட்கும் நிலையை அடைந்தவர்களுக்கு விரிவான சிகிச்சை நன்மை செய்வதாகத் தோன்றிற்று. அந்த அளவுக்குப் போகாமல் முன்வாசலிலேயே நின்றவர்களுக்கு அந்த ஒரே சந்திப்பு குறைவின்றிப் பயன்பட்டிருந்தது. அப்படியானால், அந்த ஓர் அறையில், அந்த ஒரு சந்திப்பில் நிகழ்ந்தது என்ன என்ற கேள்வி எழுகிறதல்லவா? இன்று நம்மவர் 'கவுன்சலிங்' என்று வழங்கும் ஆலோசனைக் கலையின் இரகசியம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

2

முன்வாசல் என்று சொன்னேனே, அதைச் சற்று விளக்கவேண்டும். போதைக்கு அடிமையானவன் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன், உத்தியோகமும் மானமும் இழந்து, தெருவோரத்தில் நினைவிழந்து கிடக்கும் ஒரு பரிதாபத்துக்குரிய மனிதன். ஆனால் அவன் இந்த நீண்ட பாதையின் கடைசிப் படியில் இருப்பவன். அவனுக்குப் பின்னால், வேளை தவறாமல் வேலைக்குப் போய், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டி, ஊரார் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துகொண்டு, 'இன்று இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்' என்று தீர்மானித்து நாலில் போய் நிற்பவர்களின் பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களைக் குடியர்கள் என்று அழைத்தால் கோபிப்பார்கள், அழைப்பதும் பொருந்தாது.

பழைய வைத்திய சாஸ்திரம் இந்த இடைநிலையை அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. ஸ்காட்லாந்து வைத்தியரான தாமஸ் டிராட்டர் 1804-லேயே குடிப்பழக்கத்தை மனத்தின் வியாதி என்று எழுதினார். அது வியாதி என்று ஒப்புக்கொண்ட பிறகும், அந்த வியாதி உண்டா இல்லையா என்று இரண்டே விடை காண்பதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது. எட்வர்ட்ஸும், மில்டன் கிராஸ் என்பவரும் 1976-இல் இந்த அபிப்பிராயத்தை மாற்றினார்கள். ஆட்படுதல் என்பது காய்ச்சலைப் போல டிகிரிக் கணக்கில் அளக்க வேண்டியது. 99-க்கும் 105-க்கும் இடையே எத்தனையோ படிகள் உண்டு என்பது அவர்கள் கருத்தின் சாரம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் இக்கருத்தே இடம்பெற்றது. நினைத்ததைவிட அதிகமாக அருந்துதல், குறைக்க முயன்று தோற்றல், போதைக்காக ஏங்குதல், வேலையும் குடும்பக் கடமையும் தவறுதல், அளவு கூடக் கூடத்தான் மயக்கம் ஏறுதல் என்று 11 அறிகுறிகளை அப்பட்டியல் வகுத்து, ஓராண்டுக்குள் அவற்றில் இரண்டோ மூன்றோ காணப்பட்டால் இலேசான நிலை என்றும், நான்கு ஐந்து இருந்தால் நடுத்தரம் என்றும், ஆறும் அதற்கு மேலும் ஆனால் கடுமை என்றும் பெயரிடுகிறது.

இலேசான நிலையில் இருப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஏனென்றால் அவர் வைத்தியரிடம் குடிக்காக வருவதில்லை, வயிற்றெரிச்சலுக்காகவும் தூக்கமின்மைக்காகவும் வருகிறார். ஆகவே உலக சுகாதார ஸ்தாபனம், ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்ஸிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில் சோதித்து, 'ஆடிட்' என்ற பெயரில் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு விசாரணைத் தாளை ஆக்கிக் கொடுத்தது. எவ்வளவு நாளைக்கொரு முறை அருந்துகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை, முந்தின இரவில் நடந்தது நினைவில்லாமற் போனதுண்டா என்ற வகையில் கேட்டு, 0 முதல் 40 வரை மதிப்பெண் போட்டு, 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை கொள்ளும்படி சொல்லும் அத்தாளை, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தபடியே சில நிமிஷங்களில் பூர்த்தி செய்துவிடலாம். பலருக்குத் தங்கள் வாழ்க்கையைக் கூட்டிப் பார்க்கும் முதற் சந்தர்ப்பம் அந்தத் தாளாகவே அமைகிறது.

3

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். பழக்கத்தின் பலத்தை உணர்த்துவதற்கு இதைவிடச் சிறந்த வாக்கியம் இல்லையென்றாலும், விஞ்ஞானம் இந்தப் பழமொழிக்கு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்த்திருக்கிறது. தொட்டில் இருக்கும் இடம் மாறினால் பழக்கமும் தடுமாறும் என்பதே அந்தத் திருத்தம்.

வியட்நாம் யுத்தத்தின்போது அங்கே சென்ற அமெரிக்கப் போர்வீரரில் ஏராளமானோர் மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்கு ஆட்பட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பினால் தேசம் என்னாகுமோ என்று அரசாங்கம் நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1971-இல் திரும்பிய வீரர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே ஆட்பட்டிருந்ததாகத் தெரிந்தது. ஆனால் அப்படி ஆட்பட்டவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்கு விழுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே! கடல் தாண்டி வந்ததும், பழைய கூடாரமும், பழைய தோழரும், பழைய பயமும் இல்லாத இடத்தில், பழக்கத்தைத் தூண்டும் சின்னங்கள் யாவும் அற்றுப்போயின என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமான ஒன்று.

சின்னங்களுக்கு அவ்வளவு வலிமை ஏன் வந்தது என்பதை வோல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளிடம் செய்த பரிசோதனைகள் காட்டின. பழரசம் நாவில் பட்டபோது, மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுந்தன. பழரசத்துக்குச் சற்று முன்னால் ஒரு விளக்கொளியை வழக்கமாகக் காட்டி வந்தபோது, நாளடைவில் அந்தக் கிளர்ச்சி பழரசத்தை விட்டு விளக்கொளிக்கே இடம் மாறிவிட்டது. அதாவது, இன்பம் வருமுன்பே இன்பத்தின் முன்னறிவிப்பு மூளையை ஆட்கொள்கிறது. மாலை ஆறு மணி, சம்பள நாள், குறிப்பிட்ட ஒரு தெருமுனை, குறிப்பிட்ட ஒரு சிநேகிதனின் குரல் என்று இவை ஒவ்வொன்றும் ஒரு விளக்கொளியாகி, மனிதன் இன்னும் தீர்மானம் செய்யாதபோதே அவன் கால்களுக்குத் திசை காட்டத் தொடங்கிவிடுகின்றன.

இங்கேதான் புறநோயாளிச் சிகிச்சையின் கஷ்டமும் பெருமையும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவன் நான்கு சுவர்களுக்குள்ளே சின்னங்களிலிருந்து விலகி நிற்கிறான். ஆனால் அவன் என்றேனும் ஒருநாள் அதே தெருமுனைக்குத் திரும்பவேண்டியவன். புறநோயாளியோ இன்று மாலையே அந்தத் தெருமுனையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆலோசனை அறையில் கேட்டதை அவன் அன்றைக்கே பரீட்சித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தோல்வியையோ வெற்றியையோ கையோடு கொண்டு வருகிறான். கரையில் உட்கார்ந்து படிக்கும் நீச்சலுக்கும் ஆற்றில் இறங்கிப் பழகும் நீச்சலுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆற்றின் வேகம் அளவு கடந்திராத ஆரம்ப நிலையில், இறங்கிப் பழகுவதே உத்தமம்.

4

அந்த ஓர் அறையில் நிகழ்வது என்ன என்ற நம் பழைய கேள்விக்கு மீண்டும் வருவோம். அதற்கு விடை தேடுவதில் முன் நின்றவர் வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர்.

மில்லர் ஓர் ஆராய்ச்சிக்காக ஒன்பது ஆலோசகர்களுக்கு ஒரே முறையில் பயிற்சி அளித்து, குடியைக் குறைக்க விரும்பியவர்களை அவர்களிடம் அனுப்பினார். வேறு சிலருக்கு ஆலோசகர் இல்லாமல் ஒரு சிறு கைப்புத்தகத்தை மட்டும் கொடுத்தனுப்பினார். சராசரியாகப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். ஆலோசகர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. எதிரில் இருப்பவரின் மனத்தைச் செவிமடுத்து உணர்வதில் யார் எப்படி என்று மேற்பார்வையாளர்கள் முன்பே வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் காணப்பட்ட பலாபலனில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம் அந்த வரிசையோடு பொருந்தி வந்தது. செவிமடுக்கத் தெரியாத ஆலோசகரிடம் போனவர்களின் கதியோ, ஆலோசகரே இல்லாமல் புத்தகத்தோடு போனவர்களின் கதியைவிட மோசமாயிருந்தது!

1982-இல் மில்லர் நார்வே தேசத்துப் பெர்கன் நகருக்குச் சென்று, அங்கிருந்த ஒரு குடிநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சில காலம் தங்கியபோது, இளம் மனோதத்துவ நிபுணர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 'நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், செய்து காட்டுங்கள்' என்று கேட்டு, ஒருவர் நோயாளியாக நடிக்க, அவர் பேசப் பேச இடைமறித்து, 'இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? அவர் சொன்ன இத்தனை விஷயங்களில் இந்த ஒன்றை மட்டும் ஏன் திருப்பிச் சொன்னீர்கள்?' என்று குடைந்தார்கள். தாம் அறியாமலே கடைப்பிடித்து வந்த விதிகளை மில்லர் அப்பொழுதுதான் வார்த்தைப்படுத்த நேர்ந்தது. அவ்விதிகளை 1983-இல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு ஸ்டீஃபன் ரால்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-இல் நூலாக விரித்தார். 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்று உலகெங்கும் பரவிய முறை அதுதான்.

முறையின் அடிப்படை எளியது. தன் தீய பழக்கத்தைப் பற்றி மனிதனுக்குள்ளே எப்பொழுதும் இரண்டு வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விட்டுவிடு என்கிறார். மற்றவர் இன்னும் கொஞ்ச நாள் என்கிறார். வெளியிலிருந்து ஒருவர் வந்து முதல் வக்கீலின் வாதத்தை உரத்த குரலில் எடுத்துக்கொண்டால், எதிர்க்கட்சி வாதம் ஒன்றுதானே அந்த மனிதனுக்கு மிஞ்சுகிறது? அவன் அதைப் பேசுகிறான். பேசப் பேசத் தன் பேச்சையே நம்புகிறான். மில்லரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் கண்கூடாகக் காட்டிற்று: ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்து வாதித்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஆலோசகர் வேறு வழியில் போகிறார். இப்படி ஒரு சம்பாஷணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

'குடியை நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள், சார்.'

'ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.'

'ஐந்தா! இரண்டு என்று சொல்லாமல் ஐந்து என்றீர்களே, ஏன்?'

'... சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள். சாயங்காலமானால் என் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறாள்.'

'அவள் விலகிப் போவது உங்களை உறுத்துகிறது.'

'உறுத்தாமல் என்ன? அவளுக்காகவாவது இதை ஒரு வழி பண்ணத்தான் வேண்டும்.'

ஐந்து ஏன், பத்து ஏன் இல்லை என்று கேட்டிருந்தால், அந்த மனிதர் தம் அலுவல் பளுவையும் சிநேகிதர்களின் வற்புறுத்தலையும் அடுக்கியிருப்பார். இரண்டு ஏன் இல்லை என்று கேட்டதனால், நல்ல வக்கீலின் வாயைத் திறந்துவிட்டார் ஆலோசகர். கடைசி வாக்கியத்தைச் சொன்னது யார் என்பதைக் கவனியுங்கள். பால் ஆம்ரைன் என்ற மொழி விஞ்ஞானி 2003-இல் இத்தகைய உரையாடல்களை வார்த்தை வார்த்தையாக ஆராய்ந்தபோது, 'செய்வேன்' என்ற உறுதிமொழி நோயாளியின் வாயிலிருந்து வலுத்துக்கொண்டே போன இடங்களில்தான் பின்னால் நற்பலன் விளைந்திருந்தது.

5

முதற் சந்திப்பில் எழுந்த உறுதியைக் காப்பாற்றுவதற்கு வேறு சில சாமானியமான உபகரணங்கள் வேண்டும். அமெரிக்க முறைப்படி, வாரத்துக்கு 9 மணி நேரத்துக்குக் குறைவான சந்திப்புகளே சாதாரணப் புறநோயாளிச் சிகிச்சை எனப்படும். நடைமுறையில் வாரம் ஒரு மணி நேரமே வழக்கம். நோயாளி ஒரு சிறு குறிப்பேட்டில், எந்த நாள், எந்த நேரம், யாரோடு, என்ன மனநிலையில், எவ்வளவு அருந்தினார் என்று எழுதி வருகிறார். இரண்டு மூன்று வாரத்தில், ஷூல்ட்ஸின் குரங்குக்கு விளக்கொளி எதுவோ அதுபோல் தமக்கு எது என்பது அவர் கையெழுத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெருமுனையை மாற்றிக்கொள்ளவும், சம்பள நாளில் மனைவியை வாசலுக்கு வரச்சொல்லவும், ஒரு கோப்பை வேண்டாமென்று மறுக்கும் வாசகத்தை முன்கூட்டியே வாய்க்குப் பழக்கிக்கொள்ளவும் ஏற்பாடு பிறக்கிறது.

ஏக்கம் வரும்போது என்ன செய்வது? ஆலன் மார்லட் என்ற அமெரிக்க நிபுணர் அதை அலைக்கு ஒப்பிட்டார். எழும், உச்சிக்குப் போகும், தானே தணியும். அதை எதிர்த்து முட்டவும் வேண்டாம், அதில் மூழ்கவும் வேண்டாம், மேலே மிதந்து கடந்துவிடலாம். அவர் சொன்ன இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. ஒருநாள் வழுக்கி ஒரு கோப்பை அருந்திவிட்டவன், 'போயிற்று, விரதம் கெட்டுவிட்டது, இனி என்ன இருக்கிறது' என்று மனமுடைந்து பாட்டில் முழுவதையும் முடிக்கிறான். அவனை வீழ்த்தியது முதற்கோப்பையின் சாராயமென்பதைவிட அந்த நிராசை என்பதே பொருந்தும். வழுக்குவது வேறு, வீழ்வது வேறு என்பதை முன்னதாகவே கற்பிப்பதும், வழுக்கிய மறுநாள் வெட்கப்பட்டு ஒளியாமல் வரும்படியான கதவொன்றைத் திறந்து வைத்திருப்பதும் புறநோயாளிச் சிகிச்சையின் தலையாய தொண்டு.

ஸ்வீடன் தேசத்து மால்மோ நகரில் ஹன்ஸ் கிறிஸ்டென்ஸன் என்ற வைத்தியர் நடத்திய ஆராய்ச்சி, இந்தக் கதவு எவ்வளவு எளிமையாக அமையலாம் என்பதற்கு அழகிய உதாரணம். நடுவயது ஆண்களை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து, கல்லீரலில் குடியின் அடையாளம் ஏறியிருந்தவர்களைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்குக் கடிதம் மட்டும் அனுப்பிவிட்டு, மறு பாதியினரை வைத்தியரும் தாதியும் அவ்வப்போது சந்திக்கும்படி செய்தார். தாதி இரத்தம் எடுத்து, சென்ற தடவை இந்த எண், இந்தத் தடவை இந்த எண் என்று காட்டுவாள். 1983-இல் வெளியான முடிவின்படி, தாதியிடம் வந்துகொண்டிருந்தவர்கள் நோய் விடுப்பு எடுத்த நாட்களும் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் மற்றவர்களுடையதைக் காட்டிலும் வெகுவாகக் குறைந்திருந்தன. குரலெடுத்துப் பேசியது அந்த மனிதர்களின் சொந்த இரத்தம்.

6

இத்தனை சொன்ன பிறகு, இந்தக் கலையின் எல்லையையும் சொல்லாவிட்டால் நான் வாசகருக்கு வஞ்சனை செய்தவனாவேன். பல்லாண்டு மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும், வலிப்பும், பிரமை கண்டு பிதற்றும் ஜன்னியும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அவருக்கு வேண்டியது முதலில் வைத்தியரின் கண்காணிப்பே தவிர இனிய உரையாடலன்று. குடியில் பலித்த குறுகிய ஆலோசனை எல்லாப் போதைக்கும் பலிக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. பாஸ்டன் நகரில் கஞ்சா, கொக்கேயின் முதலியவற்றைப் பயன்படுத்திய 528 பேரிடம் செய்து 2014-இல் வெளியிட்ட பரீட்சையில், சாதாரண வைத்திய நிலையங்களில் அளித்த குறுகிய ஆலோசனையால் உபயோகம் குறையவில்லை. குடி விஷயத்திலுங்கூட, இங்கிலாந்தில் 2013-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், துண்டுப்பிரசுரமும் மதிப்பெண் விவரமும் பெற்றவர்களைக் காட்டிலும், ஐந்து நிமிஷ ஆலோசனையோ இருபது நிமிஷ ஆலோசனையோ கூடுதலாகப் பெற்றவர்கள் மேம்பட்டு விளங்கவில்லை.

இந்த முடிவு நம்மைச் சோர்வுறச் செய்யவேண்டுவதில்லை. துண்டுப்பிரசுரம் பெற்றவர்களும் முன்னதாகவே அந்தக் கேள்வித்தாளுக்கு விடையெழுதித் தங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டவர்கள்தாமே? மில்லரின் கைப்புத்தகக்காரர்களும் அதைப் படித்தபடியே தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டவர்கள். மாட்ஸ்லியில் ஒரே சந்திப்போடு அனுப்பப்பட்டவர்களும், அந்தச் சந்திப்புக்கு முன்னால், மூன்று மணி நேரம் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லி முடித்தவர்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த மூன்று மணியைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இரு பிரிவினருக்கும் பொதுவான விசாரணையாக இருந்தது. மாதம்தோறும் ஒருவர் மனைவியை அணுகி 'எப்படி இருக்கிறார்?' என்று கேட்டதையும் தகவல் சேகரிப்பு என்றே பதிவு செய்தார்கள். சிகிச்சை எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டால், அந்த விசாரணையில்தான் என்று சொல்வேன். முதல் மணி நேரத்தில் அந்தக் கணவர் வைத்தியருக்காகப் பேசியிருப்பார். இரண்டாவது மணியில் மனைவிக்காகப் பேசியிருப்பார். மூன்றாவது மணியில், வேறு யாருக்காகவும் பேச வேண்டிய அவசியம் தீர்ந்துபோன பிறகு, தாம் பேசுவது தமக்கே கேட்கத் தொடங்கியிருக்கும்.